பச்சைப் பொருக்கு

அந்த வெள்ளிக்கிழமை மாலை அருளம்பலம் சாரிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை: அவர் தந்த கல்லில் ஒட்டியிருந்த பச்சைப் பொருக்கு புதிய கனிமமாக இருக்கலாம் என்று. திங்கள் காலை அவர் மனைவி அருங்காட்சியகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஞாயிறு மதியம், கதிரையில் பேப்பர் படித்தபடியே போய்விட்டாராம்.

மெல்பர்ன் பொங்கல் ஒன்றுகூடல்களில் சந்தித்த உங்களுக்கு அவர் ‘கல்லு அங்கிள்’. பிள்ளைகளுக்குச் சட்டைப் பையிலிருந்து பளிங்குத் துண்டு எடுத்துத் தருபவர். எனக்கோ அடுத்த மேசைக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் நான் சென்னையிலிருந்து வந்து வேலையில் சேர்ந்தபோது, அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசிய ஒரே ஆள் இந்த யாழ்ப்பாணத்துக்காரர்தான். சந்தேகமான கல்லை நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார். ஈரம் பட்டால் நிறம் தெளியும்.

“ஐயோ சார், அது எலி ஓடுற பெட்டியில இருந்த கல்லு!”

“எலி என்னைவிடச் சுத்தம், பிள்ளை.”

தப்பான பெயர்ச்சீட்டோடு இழுப்பறைகளில் கிடந்த பழைய சுரங்கக் கற்களிலிருந்து இரண்டு புதிய கனிமங்களைக் கண்டுபிடித்தவர் அவர். ஒன்றுக்குச் சுரங்கத்தின் பெயர். மற்றதற்கு, அதைக் காலுறைக்குள் போட்டுக் கொண்டுவந்த தொழிலாளியின் பெயர். கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது இத்துறையில் வழக்கமில்லை.

“அப்போ உங்க பேரு எப்பதான் சார் வரும்?”

“வேற ஆரும் ஒண்டைக் கண்டுபிடிச்சு வைச்சால்தான். நான் கேட்டு வாங்கேலுமோ?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த கல்லை எடுக்க அன்று சற்று நேரமானது.

நகக்கண் அளவுப் பச்சைப் பொருக்கு ஒட்டியிருந்த கல்லை என் மேசையில் வைத்தவரும் அவரே. “என்ர கண் மங்கிப்போச்சு. இது உன்ர கல்லு, நீயே பார்.” எக்ஸ்ரே படத்தில் ஒவ்வொரு கனிமமும் தனக்கென்று தனிக் கோடுகளைப் பதிக்கும். அந்த வெள்ளிக்கிழமை விழுந்த கோடுகள், அறியப்பட்ட எந்தக் கனிமத்தோடும் பொருந்தவில்லை. என்ன பெயர் வைப்பதென்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

“என்ன, முகம் முழுக்கச் சிரிப்பு?”

“திங்கக்கிழமை சொல்றேன் சார்.”

“ஓம், ஓம். ரெண்டாந்தரம் பார்க்காமல் சொல்லாதை. போட்டு வாறன்.”

போய்விட்டு வருகிறேன் என்ற அந்த ‘போட்டு வாறன்’ என்னிடமே இருக்கிறது. வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் இன்னும் நிமிர்ந்து பார்க்கிறேன்.

அவருடைய இறுதிச்சடங்கு முடிந்த மறுநாள் இரண்டாம் படம் எடுத்தேன். அதே கோடுகள் விழுந்தன. ஆய்வுக் கட்டுரையில் அந்தக் கனிமத்துக்கு அவர் பெயரை எழுதி அனுப்பினேன்.