யாருக்கு வேண்டும் என்று கேட்டார்கள்

மூன்று வருடங்களுக்கு முன், வைகாசி மாதத்தில் ஒரு காலை. புறநகரான ஹரோவிலிருந்து ரயில் பிடித்து நானும் கணவரும் மத்திய லண்டனில் ஒரு அலுவலகத்துக்குப் போனோம். வழி முழுக்க நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு போனேன். பேசினால் ஏதாவது உளறிவிடுவேனோ என்று எனக்குப் பயம்.

கணவர் பிரிட்டிஷ் இராணுவத்தில் வாகனம் திருத்தும் பிரிவில் இருந்தவர். ஒரு பயிற்சியில் விழுந்து தலையில் அடிபட்டது. ஆள் பார்க்க நன்றாகத்தான் இருப்பார். ஆனால் சேர்ந்தாற்போல் இரண்டு பக்கம் வாசித்தால் தலை இடிக்கத் தொடங்கிவிடும். மருத்துவக் காரணம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படையிலிருந்து வருகிறவர்கள் படித்து வேறு தொழிலுக்குப் போக ஒரு கல்விச் சலுகை உண்டு. அவரால் அதைப் பயன்படுத்த முடியாத நிலை என்றால் மனைவிக்கு மாற்றிக்கொடுக்க இடமிருக்கிறது என்று அவருடைய பழைய நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார்.

நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வரவேற்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். முறையாகப் படித்து, அளவெடுத்துக் கண்ணாடி பொருத்துகிறவளாக வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்தச் சலுகை கிடைக்காவிட்டால் அந்த ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான். ஆனால் அது எனக்குக் கிடைக்க, 'இனி என்னால் படிக்க முடியாது' என்று அவர் தன் வாயால் சொல்ல வேண்டும். அவரை அப்படிச் சொல்ல வைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எனக்கு எது வேண்டுமென்றாலும், "இவர்தான் விருப்பப்பட்டவர்" என்றுதான் வெளியில் சொல்வேன். வீட்டுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கியபோதுகூட அப்படித்தான் சொன்னேன். அவர் இன்றுவரை அதன் நிறத்தைக் கவனித்திருக்க மாட்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கு இது தானாக வாயில் வந்துவிடும்.

இந்தச் சலுகையைக் கவனிக்கும் அந்த அலுவலகத்தில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி எங்களை விசாரித்தார். ஏன் மாற்றிக் கொடுக்கிறீர்கள் என்று முதலில் கணவரிடம் கேட்டார். அவர், "இவவுக்கு வேணுமாம்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, உங்களுக்கு வேண்டுமா என்றார். நானும் யோசிக்காமல், அவர் சொன்னதால்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா பேனாவை மூடிவைத்தார். அவரும் குழம்பிப்போனது முகத்தில் தெரிந்தது. கொடுக்கிறவர் மனதாரக் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் உண்மையில் படிக்க விரும்ப வேண்டும், நீங்கள் ஒருவரையொருவர் கைகாட்டினால் நான் எதை எழுதுவது என்றார். வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள், தெளிவில்லாவிட்டால் என்னால் மேலே அனுப்ப முடியாது என்றும் சொன்னார். கையில் கிடைத்ததை நானே கெடுத்துவிட்டேனா என்று நினைத்தேன்.

வெளியே தேநீர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றோம். கணவர்தான் தொடங்கினார்.

"நான் சொல்லித்தான் வந்தனீர் எண்டு ஏன் சொன்னனீர்? உமக்கு வேணும்தானே?"

"வேணும்தான். ஆனா அப்பிடிச் சொன்னா, உங்களுக்கு ஏலாமல் போனது எனக்கு வசதி எண்ட மாதிரி இருக்காதோ?"

அவர் தேநீர் மெஷினின் பொத்தானை ஒருமுறை அமுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபமா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"நீர் வேணும் எண்டு கேட்டாத்தான் நான் குடுத்தன் எண்டு இருக்கும். இல்லாட்டி என்னட்ட இருந்து எடுத்துப்போட்டாங்கள் எண்டுதான் இருக்கும்" என்றார்.

அப்படி ஒரு கணக்கு அவர் மனதில் இருக்குமென்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அவருடைய மனம் நோகக்கூடாது என்று பின்வாங்கிப் பின்வாங்கி, கொடுக்க அவரிடம் மிச்சமிருந்த ஒன்றையும் நான் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பவும் உள்ளே போனோம். "எனக்குத்தான் வேண்டும். அவருக்கு அடிபட முன்னமே எனக்கு இந்த ஆசை இருந்தது" என்றேன். கணவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, தன்னால் இனிப் படிக்க முடியாது என்பதை, இன்றைக்கு பஸ் இல்லை என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொல்லி முடித்தார். எனக்குத்தான் அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுதேனா, வேறெதற்காவதா என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

அந்த அம்மா மூடிவைத்த பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். சலுகையும் என் பெயருக்கு மாறியது. இப்போது படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறேன்.

புத்தகத்தோடு உட்காரும்போது, இது அவருடைய இடமல்லவா என்று சில நாள் மனம் இன்னும் குழம்பும். ஆனால் ஒருவர் மனதாரத் தருவதை 'எனக்கு வேண்டும்' என்று வாய்திறந்து கேட்டு வாங்குவதும் அவருக்குச் செய்கிற மரியாதைதான் என்று அன்றைக்குப் புரிந்தது. 'வேண்டும்' என்ற அந்தச் சொல் மட்டும் எனக்கு இப்போதும் கொஞ்சம் தயங்கித்தான் வெளியே வருகிறது.