வேராவின் பிரிட்ஜில் இருந்த றீல்

வேரா போய்விட்டார். சற்றுமுன் அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னார்... நூறை நெருங்கிய வயது. நித்திரையிலேயே போயிருக்கிறார்.

கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. பயம். அந்தப் பழைய பயம்தான்.

இங்கே பலருக்கு வேராவைத் தெரியாது. எழுபதுகளில் ரொறன்ரோவில் ஒரு பிலிம் லாபில் நானும் அவரும் ஒன்றாக வேலை செய்தோம். அவர் நெகட்டிவ் வெட்டுகிறவர், நான் பிலிமைக் கொப்பி எடுக்கிற பிரிண்டர் மெஷினில். ரஷ்யாக்காரி. யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த எனக்கு அங்கே பேச்சுத்துணை அவர்தான்.

அவருடைய அப்பா ரஷ்யாவின் ஆரம்பகால சினிமா டைரக்டர். ஊமைப்படக் காலம். எத்தனையோ படம் எடுத்த மனுசன்... மிஞ்சியது ஒன்றே ஒன்று.

அந்தக் காலத்து ரஷ்யர்களுக்குச் சோக முடிவு வேண்டுமாம். கதாநாயகி சாகாவிட்டால் டிக்கெட் எடுத்தவன் ஏமாந்துபோவானாம். வெளிநாட்டுக்கு அனுப்ப மட்டும் அதே படத்துக்குச் சந்தோஷ முடிவு ஒன்றைத் தனியாக எடுப்பார்கள்.

ஐரோப்பாவில் ஒரு சினிமாக் காப்பகத்தில் இருந்தது அந்தச் சந்தோஷ முடிவுப் பிரதி. அதை மட்டும் பார்த்துவிட்டு, கல்யாணத்தில் கதையை முடிக்கிற ஆள் என்று சினிமா வரலாறு எழுதினவர்கள் அவரை ஒரு வரியில் ஒதுக்கிவிட்டார்கள்.

அவருடைய உண்மையான முடிவு வேராவின் பிரிட்ஜில் இருந்தது. வெண்ணெய்க்குப் பக்கத்தில், ஒரு தகர டப்பாவில்.

அப்பா இறக்கும்போது வேரா கைக்குழந்தை. நாட்டைவிட்டு ஓடும்போது அம்மா தலையணை உறைக்குள் மறைத்துக் கொண்டுவந்த நெகட்டிவ் அது. வேறொன்றும் கொண்டுவரவில்லை, அப்பாவின் போட்டோ ஒன்றுகூட. விரித்தால் உடைந்துவிடும் என்று வேராவே அந்த றீலைப் பார்த்ததில்லை.

அது அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம். அதோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். சூடு பட்டால் பற்றும். பற்றினால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது. பற்றாவிட்டாலும் உருகிப் பிசினாகி, கடைசியில் பொடியாகிப்போகும். கோடை வந்தால் வேராவுக்கு நித்திரை இல்லை. கரண்ட் போனால் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவார்.

ஒருநாள் மத்தியானம் என் மெஷினடியில் வந்து நின்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார், ஆனால் என் காதில் அது எங்கட தமிழாகத்தான் நிற்கிறது.

“பிலிம் மணக்கத் தொடங்கீட்டுது, பழுதாகுது. இந்த வின்ரருக்குள்ள கொப்பி எடுக்காட்டி அப்பாவுக்கு ஒண்டும் மிஞ்சாது. எனக்கு நீர் ஒருத்தர்தான் இருக்கிறீர்.”

லாபுக்குள் நைட்ரேட்டைக் கொண்டுவரவே கூடாது. பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும். வீட்டில் மனுசி வேறு பிள்ளைத்தாச்சி.

“உங்களுக்கென்ன விசரே?” என்றாள் மனுசி. “பத்தினா நீங்களும் சேந்தெல்லோ எரிவியள்?”

“ஓம்,” என்றேன்.

நல்ல குளிராய்ப் பார்த்து ஒரு சனிக்கிழமை. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பக்கம் லோரன்ஸ் வீதி பஸ்ஸுக்கு நிற்கிறோம், வேராவின் கையில் டப்பா. பக்கத்தில் நின்ற ஒருவர் சிகரெட்டைப் பற்றவைத்தார். வேரா டப்பாவைக் கட்டிப்பிடித்தபடி அந்தப் பனிக்காற்றில் ரோட்டைக் கடந்து மறுகரைக்கே போய்விட்டார். பஸ்ஸும் போய்விட்டது.

லாபில் ஆளில்லை. பிலிம் சுருங்கிப்போய் இருந்தது, ஓரத்துத் துளைகள் மெஷினின் பல்லில் சரியாக உட்காரவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கையால் மெல்ல மெல்லச் சுற்றினேன்.

கடைசிப் பகுதி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. வேரா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றாக விரலால் பிரித்துத் தந்தார். “கொஞ்சம் தள்ளி நில்லும், உம்மட வேர்வை விழப்போகுது,” என்றார். டிக் என்று ஏதாவது சத்தம் வந்தால் போதும், போச்சு என்றுதான் நினைத்தேன்.

எரியவில்லை. திங்கட்கிழமை மற்ற வேலைகளோடு சேர்த்து அந்தக் கொப்பியையும் கழுவி எடுத்தேன். மத்தியானம், எல்லாரும் சாப்பிடப் போன நேரம், எடிட்டிங் மேசையில் போட்டுப் பார்த்தோம்.

முடிவு இருந்தது. கதாநாயகி பனியில் விழுந்து செத்துப்போகிறாள். கல்யாணம் இல்லை, ஒன்றும் இல்லை. வேரா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

ஆனால் படம் நிற்கவில்லை. கமராக்காரர் கைப்பிடி சுற்றுவதை நிறுத்த மறந்திருக்கிறார். பிறகு அதை வெட்டி எறிய வேண்டியவரும் மறந்திருக்கிறார். வேரா நாள் முழுக்க வெட்டிக் குப்பையில் போடுகிற மாதிரியான துண்டுதான் அது.

ஓர் ஒல்லியான மனுசன் பனிக்குள் ஓடிவருகிறார். தன் கோட்டைக் கழற்றி, செத்துக்கிடந்த நடிகைக்குப் போர்த்துகிறார். கமராவைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார்... போதும், நிறுத்து என்று. நிற்கிற எல்லாரும் அவர் சொல்லுக்கு ஓடுகிறார்கள்.

வேரா மேசையை நிறுத்தினார். அந்த முகத்தைப் பார்த்தபடியே தன்னுடைய மூக்கைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது, அதே மூக்கு.

“கோட்டைக் குடுத்திட்டு வெறும் சேட்டோட நிக்கிறாரே,” என்றார். “அப்பாவுக்குக் குளிரப்போகுது.”

போயிட்டு வாங்கோ, வேரா.