நண்டுக் கூழும் என் இமைகளும்

ஒன்பது வயதில் நானாகக் கண் விழித்ததாக நினைவில்லை. காலையில் இமைகள் இரண்டும் ஒட்டிக் கிடக்கும். ஓரம் சிவந்து, மயிர்க்கால்களில் பொருக்குக் கட்டியிருக்கும். அம்மா வந்து ஈரத்துணியால் துடைத்தால்தான் எனக்கு உலகம்.

அப்பாவின் உத்தியோகத்துக்காகக் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்த யாழ்ப்பாணக் குடும்பம் எங்களுடையது. ஊர் மாறினாலும் சாப்பாட்டுச் சட்டங்கள் மாறவில்லை. அவற்றைக் காத்தவர் அப்பாவின் அக்கா, எங்களோடிருந்த மாமி. உடம்பில் சொறியும் கடியும் சிவப்பும் கிளப்பும் சாப்பாடெல்லாம் அவருக்குக் 'கிரந்தி'. கத்தரிக்காய், தக்காளி, முட்டை, இறால் என்று ஒவ்வொன்றாக என் தட்டைவிட்டுப் போயின. கண் மாறவில்லை. கடைசியில் நண்டும் போனது.

நண்டு போனால் கூழும் போனதுதானே! பெரியப்பா மகன் யாழ்ப்பாண பஸ்ஸில் ஐஸ் பெட்டி நிறைய நண்டோடு வந்திறங்கினால் எங்கள் வீட்டில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். பலா இலையைக் கோலிப் பிடித்து மற்றவர்கள் சுற்றியிருந்து உறிஞ்ச, நான் பூசணிக்காயும் சோறும் தின்றேன். பூசணிக்காயை இன்றும் மன்னிக்கவில்லை.

மாமி கூழைக் குடித்தபடியே அம்மாவுக்குச் சொல்வார்: "பிள்ளைப்பெத்த நேரம் நீர் பத்தியம் ஒழுங்காக் காத்திருந்தால் இவளுக்கு இந்தக் கண் வந்திராது."

அம்மா என் பக்கத்திலிருந்து அதே பூசணிக்காய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

பிறகு கண்டி டவுனில் ஒரு கண் டொக்டரிடம் போனோம். இது இமை அழற்சி, லேசில் விடாது, தினமும் இளஞ்சூட்டுத் துணி வைத்து இமையோரத்தைச் சுத்தம் செய்யவேண்டும் என்றார் அந்த அம்மையார். சிலருக்குச் சாப்பாடும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்தினால் எது என்று எப்படித் தெரியும் என்றும் கேட்டார். அம்மா ஒரு நாளும் தவறாமல் துணி வைத்தார். கண் மெல்ல மெல்லத் தெளிந்தது. பத்தியம் வேலை செய்துவிட்டதென்று மாமி உறவுக்கெல்லாம் போன் போட்டார்.

அன்றுதான் அம்மா வாய் திறந்தார். "மச்சாள், இனி ஒவ்வொண்டாக் குடுத்துப் பாப்பம். நண்டுதான் காரணமெண்டால் நான் ஒத்துக்கொள்ளுறன்."

முட்டை வந்தது, ஒன்றுமில்லை. தக்காளி, கத்தரிக்காய், இறால் வந்தன, ஒன்றுமில்லை. கடைசியில் ஐஸ் பெட்டியும் வந்தது. அன்று நான் குடித்த கூழுக்கு ஒரு பலாமரமே இலை தந்திருக்கவேண்டும்.

மறுநாள் காலை கண்ணைத் திறந்தேன். நானாகவே திறந்தேன். கட்டிலைச் சுற்றி வீடே நின்றது. மாமி மூக்குக்கண்ணாடியோடு குனிந்து, டோர்ச் அடித்து, இமையைத் தூக்கிப் பார்த்தார். இன்னும் இரண்டு மூன்று நாள் பொறுப்போம் என்றார். பொறுத்தோம். இமை வெள்ளரிப் பிஞ்சு மாதிரிக் கிடந்தது.

"ஓம், நண்டில்லைத்தான்," என்றார் மாமி, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். நானும் நண்டும் சேர்ந்து மாமியை வென்றுவிட்டோம் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். செய்தி சொல்லக் குசினிக்கு ஓடினேன். எனக்குத் தடை விழுந்த நாளிலிருந்து கூழ் வாயில் வைக்காத அம்மா, மிஞ்சிப் பிரிட்ஜில் கிடந்த நண்டையெல்லாம் போட்டுத் தனக்கென்று ஒரு சட்டி கூழ் காய்ச்சி, நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார். கண்ணால் நீர் வழிந்தது.

மிளகாய் உறைப்புக் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்து, ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.