பெட்டி தூக்குகிற உளவாளி

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு எங்கள் செல்லூர் வீட்டில் இருந்தவர்கள் அம்மாவும் தங்கையும் மட்டும். அப்பா இல்லை. நானும் இல்லை. டிவி இருந்தது, ஆனால் அதை இருந்ததாகச் சொல்ல முடியாது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த அந்த டிவியைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் ஏற்றியிருந்தார் அப்பா. நான் பத்தாவது தேறுகிறவரை அது கீழே இறங்காது என்று உத்தரவு. நான் அப்போது ஐந்தாவது படித்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக உட்கார்ந்த முதல் ஆள் நான். தாத்தா காலம்வரை சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை. அப்பா மதுரைக்கு வந்து விசைத்தறிக்கூடங்களுக்கு நூல் மூட்டை சுமந்தார். என் படிப்புக்காக வீடே டிவியைத் தியாகம் செய்திருந்தது. செய்யாதவன் நான் ஒருவன்தான். ஞாயிறுதோறும் கணக்குப் போடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு சந்து தள்ளியிருந்த டீச்சர் வீட்டில், டீச்சர் மகனோடு உட்கார்ந்து டிவி பார்ப்பேன். டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். சர்ச்சில் ஆராதனை முடிந்து, பெண்கள் கூட்டமும் முடிந்து அவர் திரும்பப் பன்னிரண்டரை ஆகிவிடும்.

பதினொரு மணிக்கு உள்ளூர் கேபிளில், தமிழ்க் குரல் கொடுத்த பழைய வெளிநாட்டுத் தொடர் ஒன்று வரும். இரண்டு உளவாளிகள். ஒருவர் வெள்ளைக்காரர், மற்றவர் கறுப்பர். ஊருக்கு ஊர் பந்தயம் ஆடப் போகிற விளையாட்டுக்காரராக வெள்ளைக்காரர் வேஷம் போடுவார். அவருடைய பயிற்சியாளராகக் கறுப்பர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். அறைக் கதவைச் சாத்தியதும் இரண்டு பேரும் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் ஓட்டுவார்கள்.

நாங்கள் விளையாடியதும் அதையேதான். ஆரம்பிப்பதற்குள் ஒரு சண்டை வந்துவிடும்.

"மாப்ள, நீதேன் கறுப்பு. பெட்டிய நீ தூக்கு."

"நீ மட்டும் என்ன, ரோஸ் கலரா? போடா. எங்கப்பா தெனம் தூக்குறது பத்தாதா, நானும் தூக்கணுமா?"

இதற்கிடையில் வீட்டில் வேறொரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் பத்தே முக்காலுக்கு அப்பா "ஒரு லோடு இருக்கு, வாரேன்" என்று கிளம்பிவிடுவார். பன்னிரண்டு மணிக்கு வெறுங்கையோடு வருவார். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது என்பது அம்மாவுக்குத் தெரியும். எங்கள் தெரு ஆம்பளைகள் அந்த நேரத்தில் போகிற இடம் எது என்பதும் தெரியும். முக்குத் திரும்பினால் பிராந்திக் கடை.

"இந்த வாரமும் லோடுன்னு கெளம்பட்டும்" என்றது அம்மா. "பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்காத்தா வீட்டுக்குப் போயிருவேன்." சொன்னதோடு நிற்காமல் ஒயர்கூடையில் எங்கள் துணிகளை மடித்தும் வைத்துவிட்டது. அப்பாவும் வழக்கம்போலக் கிளம்பத் தயாரானார்.

நான் டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அன்று தொடரின் கடைசி வாரம். இருந்தும் டீச்சர் மகனை வெளியே வரச் சொன்னேன்.

"முடிவு தெரிய வேணாமாடா?" என்றான் அவன்.

"எங்கம்மா கூடையக் கட்டி வச்சிருச்சுடா. அப்பா எங்க போறாருன்னு கண்டுபிடிக்கணும்."

சற்று யோசித்தான். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து டீச்சரின் கல்யாணத்துக்கு வாங்கிய பச்சை சூட்கேஸை இழுத்து, உள்ளே இருந்த சேலைகளைக் கட்டிலில் கொட்டினான்.

"இது எதுக்குடா?"

"பெட்டி இல்லாமப் போனா உளவாளின்னு கண்டுபிடிச்சிருவாங்க மாப்ள."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு கரண்டுக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம்வரை நான், அதற்கடுத்த கம்பம்வரை அவன் என்று முறை வைத்துத் தூக்கிக்கொண்டு, அப்போதுதான் தெருவில் இறங்கிய அப்பாவின் பின்னால் நடந்தோம். செல்லூர் சந்தில் பச்சை சூட்கேஸோடு போகிற இரண்டு பொடியன்களைப் பார்க்காதவர் பாக்கியில்லை. அப்பா ஒருவர்தான் திரும்பவில்லை.

பிராந்திக் கடை வந்தது. அப்பா அந்தப் பக்கம் ஏறெடுத்தும் பார்க்காமல் கடந்து, சந்தின் கடைசியில் பாதி ஷட்டர் இறக்கியிருந்த டிவி மெக்கானிக் கடைக்குள் குனிந்து நுழைந்தார்.

கடைக்குப் பின்னால் ஒரு ஜன்னல். எட்டவில்லை. சூட்கேஸைப் படுக்கப்போட்டு இரண்டு பேரும் மேலே ஏறினோம்.

மூடி கழற்றிய டிவிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் மெக்கானிக், இன்னொன்றில் அப்பா. தறி முதலாளிகள் வீட்டு வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாவைத்தான் எனக்குத் தெரியும். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த அப்பாவை அன்றுதான் பார்த்தேன்.

"மாப்ள, நம்ம தொடர்டா!" என்று கிசுகிசுத்தான் அவன். வந்த வேலையை மறந்து நாங்களும் பார்க்க ஆரம்பித்தோம். எதிரிகளின் பாஷையில் எழுதிய கடிதம் ஒன்று கிடைத்திருந்தது. வெள்ளைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கறுப்பரிடம் நீட்டினார். அவர் அதைக் கடகடவென்று வாசித்தார்.

"பாத்தீகளாண்ணே" என்றார் அப்பா. "பெட்டி தூக்கிட்டு வாரவந்தேன் ஏழு பாஷை படிச்சவன். இவன் வாசிச்சாத்தேன் அவனுக்கு வெளங்குது."

"வாராவாரம் இதையேதேன் சொல்ற. அது கதைப்பா."

"கதையா இருந்தா என்னண்ணே? எழுதுனவனுக்குத் தோணியிருக்குல்ல."

அந்த நேரம் பார்த்து சூட்கேஸ் மூடி 'படக்' என்று பிளந்து, என் கால் உள்ளே போய்விட்டது. சத்தம் கேட்டு அப்பா பின்பக்கம் ஓடிவந்தார். என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கணக்குப் போடப் போகல?"

"நீங்க லோடு ஏத்தப் போகல?"

மெக்கானிக் சிரித்த சிரிப்பில் ஷட்டரே ஆடியது.

உடைந்த பெட்டியை அப்பா தோளில் வைத்துக்கொள்ள, மூன்று பேரும் வீட்டுக்கு வந்தோம். வாசலிலேயே டீச்சர் மகன் அறிக்கை கொடுத்தான். "ஆன்ட்டி, அங்கிள் குடிக்கல. டிவிதேன் பாக்குறாரு."

அம்மா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தது. "இதுக்கா இம்புட்டு நாளா ஒளிஞ்சு போனீக? பரண்ல ஒன்னு கெடக்குல்ல?"

"பிள்ள படிக்கணும்ல."

அம்மா ஒயர்கூடையிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தது.

எங்களைப் போலவே அப்பாவுக்கும் துப்பாக்கிச் சண்டை பிடிக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் புரியவில்லை. கல்லூரிக்குப் போன பிறகுதான் ஒரு புத்தகத்தில் படித்தேன். ஒரு கறுப்பரை வெள்ளைக்காரருக்குச் சரிசமமான நாயகனாக அந்த நாட்டுத் தொடர்களில் வாராவாரம் காட்டியது அதுதான் முதல் தடவையாம். சில ஊர்களில் அதை ஒளிபரப்பவே மாட்டோம் என்றார்களாம். எந்தப் புத்தகமும் படிக்காத அப்பா, பழுது பார்க்க வந்த டிவியில் அதைப் பார்த்திருக்கிறார்.

கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அப்பா வழக்கம்போலப் பெட்டியைத் தோளுக்கு ஏற்றினார். நான் பிடுங்கிக்கொண்டேன். விட்டுவிட்டார். "தூக்கிக்க. ஏழு பாஷையெல்லாம் வேணாம், ரெண்டு போதும்" என்று சிரித்தார்.

அது அந்தப் பச்சை சூட்கேஸ்தான். பிளந்த மூடியை மெக்கானிக் தகடு வைத்து ஒட்டிக் கொடுத்திருந்தார். வேண்டாம் வேண்டாம் என்ற டீச்சருக்குப் பெட்டி உடைந்த வாரமே அப்பா புதுப்பெட்டி வாங்கிக் கொடுத்துவிட்டார். நாலு நாள் மூட்டை சுமந்த கூலி அப்படியே போயிற்று. அறுநூற்று ஐம்பது ரூபாய்.