சொட்டு மருந்து போட்ட மூன்று வாரங்கள்

ஒரு காலை எழுந்தபோது எனக்கு இடது காது கேட்கவில்லை. வலி இல்லை. உள்ளே இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. திருத்துறைப்பூண்டியில் பள்ளி ஆசிரியர் நான், படித்தவன். படித்தவன் என்ன செய்தேன்? குடவாசலில் மருந்துக்கடை வைத்திருக்கும் தங்கை கணவனுக்குப் போன் போட்டேன்.

அவன் வந்து செல்போன் வெளிச்சத்தில் காதுக்குள் பார்த்தான்.

“அழுக்குதான் மச்சான். சொட்டு தர்றேன், அதுவா கரைஞ்சு வந்துடும்.”

மருந்துப் பெட்டியை அடுக்குவது தவிர எந்தப் படிப்பும் இல்லாத மனிதன். ஆனால் நிபுணனின் நிதானம் அவனிடம் எப்போதும் உண்டு. மூன்று வாரம் சொட்டு விட்டேன்.

பிறகுதான் தஞ்சாவூரில் காது டாக்டரிடம் போனேன். இளம்பெண். இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார்.

“எந்தப் பக்கம் கேக்குது சார்?”

“வலது பக்கம்.”

“அழுக்கா இருந்தா அடைச்ச பக்கம்தான் சத்தமா கேக்கும். இது உள்காது. எத்தனை நாளாச்சு?”

சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். “முதல் சில நாள்லயே வந்திருந்தா ஸ்டீராய்டுக்கு நல்ல வாய்ப்பு இருந்துச்சு. எதனால வந்துச்சுன்னு பெரும்பாலும் தெரியாது. ஆனா காலம் முக்கியம்.”

அந்த இசைக்கவையை இருபது வருடமாக இயற்பியல் வகுப்பில் தட்டிக் காட்டுகிறவன் நான். அன்று மாப்பிள்ளையைவிட என்னைத்தான் அதிகம் இகழ்ந்தேன். செவிப்பறை வழியாக ஊசி போட்டார்கள். கனத்த ஒலிகள் கொஞ்சம் மீண்டன. பேச்சு மட்டும் அந்தக் காதில் தெளிவாகக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாப்பிள்ளை மறுபடி வந்தான். உள்காதில் செத்துப்போன செல்லை முளைக்க வைக்கும் ஊசி ஒன்று வந்திருக்கிறதாம். தங்கை கெஞ்சியதால் போனேன். ஓட்டல் ஹாலில் கோட்டு போட்ட ஒருவன் உள்காதுப் படத்தைக் காட்டி, நாற்றங்காலில் பயிர் வருவதுபோல் வரும் என்றான்.

“யாருக்கு வந்துச்சு? ஊசிக்கு முன்னாடி காது கேக்குற அளவை எடுத்த ஆடியோகிராம், பின்னாடி எடுத்தது ரெண்டையும் காட்டுங்க.”

“முதல்ல நம்பிக்கை வேணும் சார்.”

எழுந்து வந்துவிட்டேன். மாப்பிள்ளை அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான், என் சார்பில்.

அந்த ஊசியைப் பற்றித் தஞ்சாவூர் டாக்டரிடம் கேட்டேன். “கோழிக்கு, ஒலியை வாங்குற அந்த உள்காதுச் செல் மறுபடி வளரும் சார், நமக்கு வளராது. அதுக்கு ஆராய்ச்சி நடக்குது. ஒரு ஜீன் பழுதா பொறக்குற சில குழந்தைங்களுக்கு, அந்த ஜீனை உள்காதுல செலுத்தி காது கேக்க வச்சிருக்காங்க. உங்களுக்கு இன்னைக்கு எதுவும் இல்ல. காதுக் கருவி வச்சுக்கங்க.” அந்த ‘இல்ல’ எனக்கு மருந்துபோல் இருந்தது.

இப்போது கருவி மாட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறேன். திடீரென்று காது கேட்காவிட்டால் அன்றே டாக்டரிடம் போகவும் என்று எழுதி மாப்பிள்ளையின் கடை வாசலில் ஒட்டினேன். வியாபாரம் கெடுகிறது என்று கிழித்தான். மறுபடி ஒட்டினேன். இதுவரை நான்கு தாள்.