வெள்ளிக்கிழமை எலி

உயிருள்ள எலியைத்தான் பாம்பு விரும்பும் என்று நான் நம்பியிருந்தேன். மகளின் வளர்ப்புப் பாம்புக்காகப் பிரிட்ஜில் உறையவைத்திருந்த செத்த எலியை அன்று எடுக்கப்போனேன்; வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி, மீன் தொடாத மனைவி மறித்தாள்.

"வெள்ளிக்கிழமை மச்சம் வெளியில வரக்கூடாது, சொல்லிப்போட்டன்!"

உயிரோடு இருப்பது மச்சமில்லையே என்று சட்டம் பேசி, பொறியில் அகப்பட்ட எலியைப் பாம்பின் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டேன். அது பாம்பின் முதுகைக் கடித்துப் பிடித்துக்கொண்டது. நான் கதிரையில் ஏறிக் கத்தினேன்.

"அப்பா, கூத்தாடாமல் இறங்குங்கோ! பாம்பு செத்துப்போகும்!" மகள் அழுதாள்.

"ஓம் பிள்ளை, வாறன். கதிரை ஆடுது!"

ஆடியவை என் கால்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். துவாயைக் கையில் சுற்றி, எலியைப் பிடித்து வெளியே எடுத்தேன்.

காயம் ஆறிய பிறகு, உறைந்த எலியை வெந்நீரில் இளக்கி இடுக்கியால் நீட்டினேன். பாம்பு அதை அமைதியாக விழுங்கியது.