சுண்ணாம்புக் கோட்டில் ஒரு கூடம்

ஏழாயிரம்பண்ணையில் சாத்தூர் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே காலி இடத்தில் இளம்பெண் பொறியாளர் ஒருவர், ஊருக்குக் கட்டப்போகும் சமுதாயக்கூடத்தின் சுவர்கள் வரும் இடமெல்லாம் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருக்கிறார். வரைபடத்தைக் காட்டினால் யாரும் வாய் திறப்பதில்லையாம். நடந்து பார்த்தால் சொல்வார்களாம்.

பட்டாசுக் கம்பெனி வேன் வந்து பெண்களை இறக்கிவிடுகிறது. முழங்கை வரை வெள்ளித்தூள் மினுங்குகிறது.

"உள்ள வாங்கக்கா, இடம் பத்துமான்னு பாருங்க."

யாரும் நுழையவில்லை. வாசலுக்கு விட்ட இடைவெளியிலேயே மொத்தமாக நிற்கிறார்கள். கூச்சம் என்று நினைக்கிறேன். தூக்குவாளியோடு முன்னால் நிற்கும் பெண் கேட்கிறார்:

"ஏம்மா, இம்புட்டுப் பெரிய கூடத்துக்கு ஒத்த வாசலா வச்சிருக்கீக? கம்பெனியில சின்ன ரூமுக்கே நாலு பக்கமும் வாசல் உண்டு. ஏதாச்சும் ஒண்ணுன்னா எந்தப் பக்கமும் ஓடலாம்."

"கல்யாணம், காதுகுத்து நடக்கிற இடம்தானே? இங்கே ஏது வெடிமருந்து?" என்று நான் நடுவில் வாய்விடுகிறேன்.

அவர் என் பக்கம் திரும்புகிறார். "பந்தியில உக்காருறது நாங்கதான அண்ணாச்சி. கூட்டமா உக்காந்தா எங்க கண்ணு வாசலத்தான் தேடும். சோறு எறங்காது."

பொறியாளர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மற்ற மூன்று பக்கமும் வெறுங்காலால் கோட்டை அழித்து வழிவிடுகிறார்.

பஸ் வந்துவிடுகிறது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்க்கிறேன். நாலு பக்கமிருந்தும் பெண்கள் உள்ளே வருகிறார்கள். இன்னும் எழும்பாத கூடத்தின் நடுவில், பொறியாளரையும் கையைப் பிடித்து இழுத்துவைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்காருகிறார்கள்.